சித்தி இல்லாத படம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் வழக்கம்போல முனகுகிறது. நீயும் மருமகளும் என் பேத்தியும் அங்கே சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் அதுவே எனக்குப் போதும். குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம், கடிக்க எதையாவது கொடுங்கள், விரலைக் கொடுத்துவிடாதீர்கள். நீ கடித்த தழும்பு என் விரலில் இன்னும் இருக்கிறது, அதையும் நான் மறக்கவில்லை. அப்பா ரிட்டையர் ஆகி வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்வதும் பொய்தான். பம்பிங் ஸ்டேஷனில் மோட்டார் சத்தத்திலேயே காலம் தள்ளிய மனிதருக்கு வீட்டு அமைதி பிடிபடவில்லை. குழாயைத் திறந்து தண்ணீர் விழுகிற வேகத்தைப் பார்த்து இப்போது எந்த மோட்டார் ஓடுகிறது, யார் டியூட்டியில் இருக்கிறான் என்றெல்லாம் நான் கேட்காமலே எனக்குச் சொல்கிறார். பிறகு குழாயை மூட மறந்துவிடுகிறார்.

அவருடைய ரிட்டையர்மென்ட் விழா எப்படி நடந்தது என்று நீ போனில் கேட்டபோது நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. அடுத்த தடவையும் அதே பாலைச் சொன்னேன். "அம்மாவுக்கு என் மேல ஏதாவது கோபமா" என்று நீ அப்பாவிடம் கேட்டாயாம். கோபம் இல்லை கண்ணா, வெட்கம். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து "சரி விடும்மா" என்பாய், நானும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்திவிடுவேன். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது பார். சித்தியின் பையன்கள் உனக்குச் சொல்வதற்கு முன்னால் என் கையாலேயே எழுதிவிட வேண்டும் என்று, நான் படித்த நாலெழுத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடம் ஒரு காரியமும் ஆக வேண்டியிருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ லீவில் வந்தபோது வாங்கி வந்து, இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுப்போனாயே ஒரு வீடியோ கேமரா, அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நீங்கள் இருந்த நாட்களில் எடுத்த படம் எல்லாம் அதன் கார்டில் அப்படியே கிடந்தது. விழா முடிந்து எல்லாரும் நம் வீட்டுக்கு வரும்போது அதை வெட்டிச் சேர்த்து டிவியில் காட்ட வேண்டும், பேத்தி வந்துபோனதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. கார்டை எடுத்து உன் பழைய கம்ப்யூட்டரில் போட்டார். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர் என்று வெங்காயம் உரிப்பதுபோல உரித்துக்கொண்டே போனார். கடைசியில் கிடைத்த ஃபைலை, வெட்டுகிற புரோகிராம் தொடவே மாட்டேன் என்று விட்டது. வேறொன்றில் போட்டால் திறந்தது, ஆனால் படம் விக்கல் எடுத்தது. குழந்தை கையைத் தூக்கும், தூக்கின கை அப்படியே நிற்கும், பிறகு பார்த்தால் வேறு யாரோ மடியில் உட்கார்ந்திருக்கும்.

நீ போன பிறகு நம் மாடிக்கு ஒரு பெண் குடிவந்திருக்கிறாள், ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டுக் காட்டினோம். எனக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னாள். "இந்தக் கேமரா இருக்கே ஆன்ட்டி, இது படத்தை மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டற மாதிரி இறுக்கிக் கட்டி வச்சிடும். நாம பார்க்கறப்ப கம்ப்யூட்டர் அதை அவிழ்த்துக்கிட்டே ஓடணும். உங்க கம்ப்யூட்டருக்கு வயசாச்சு, அவிழ்க்கறதுக்குள்ள மூச்சு வாங்குது. அதனால கன்வெர்ட் பண்ணணும். பெரிய ஃபைலை எல்லாம் உங்க புரோகிராமுக்குப் புரியற மாதிரி மாத்திட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்னக் காப்பியும் போட்டுத் தரேன். காப்பியில படம் கொஞ்சம் மங்கலா இருக்கும், சத்தம் இருக்காது, ஆனா வழுக்கிட்டு ஓடும். நீங்க அதை வச்சு வெட்டுங்க, கடைசியில அதுவே பெரிய ஃபைலைத் தேடிப் போய் அதே இடத்துல வெட்டிக் கோத்துக் கொடுத்துடும்" என்றாள். அவள் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருந்து என்ன செய்ய, புரியவில்லையே. ஊமைப் படத்தை வெட்டினால் ஊமைப் படம்தான் வரும், பின்னால் அவள் ஏதாவது மியூசிக் சேர்த்துக் கொடுப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கன்வெர்ட் ஆகிற பச்சைக் கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது. பெட்டி சூடாகிறது என்று அப்பா டேபிள் ஃபேனை அதற்குத் திருப்பி வைத்துவிட்டு எங்கள் இருவரையும் வியர்வையில் உட்கார வைத்தார். நடுவில் நான் இஸ்திரிப் பெட்டியைச் சொருகுவதற்காக எதன் பிளக்கையோ பிடுங்க, அது கம்ப்யூட்டர் பிளக்காகப் போய், எல்லாம் முதலிலிருந்து.

வெட்டுகிற வேலைக்கு அப்பா லாயக்கில்லை. மவுஸை வால்வு திருகுகிற மாதிரி பிடிக்கிறார், ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்ற இடத்தில் நாலு தட்டு. நான் உட்கார்ந்தேன். அந்தப் பெண் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தாள், ஆரம்பத்தில் ஒரு கோடு, முடிவில் ஒரு கோடு, நடுவில் உள்ளதை எடுத்துவிட வேண்டியது. பேன் பார்க்கத் தெரிந்த கைக்கு இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. அவள் வேலைக்குப் போன பிறகு தனியாகவே செய்தேன். அங்கேதான் புத்தி கெட்டது. படத்தை ஓட்டிப் பார்க்கப் பார்க்க, பாதிக்குப் பாதி உன் சித்தி நின்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், குழந்தைக்கு ஊட்டுகிறாள், உன் தோளில் கை போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கும் அவளுக்கும் என்ன என்று உனக்கு முழுதாகத் தெரியாது. என் குக்கரை வாங்கிப்போய் வேறு வெயிட்டைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தவள் என்பது தெரியும், அதை நீ சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. நீ முதல் முதலாக வெளியூர் வேலைக்கு ரயில் ஏறின அன்று, சாம்பல் நிறத்தில் ஸ்வெட்டர், கழுத்துப் பட்டன் ஒன்று இல்லாதது, அதைப் போட்டுக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், நீ பயப்படக் கூடாதே என்று. ரயில் நகர்ந்ததும் அவள் ஓவென்று அழுதாள். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. டீ விற்கிறவர் ஓடி வந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டி, "அழாதம்மா, பெத்த வயிறு அப்படித்தான் இருக்கும்" என்றார். பெற்றவள் நான் பக்கத்தில் கைப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். அவளுக்கே இரண்டு பையன்கள் இருக்கும்போது என் பிள்ளைக்கு எதற்கு அத்தனை அழுகை. நானில்லை, அக்காதான் அம்மா என்று ஒரு வார்த்தை சொன்னாளா, இல்லை. அந்தத் தண்ணீரையும் வாங்கிக் குடித்தாள். அன்றிலிருந்து அது எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

ஆகவே அவளை வெட்டினேன். அவள் முகம் வருகிற இடம் எல்லாம் ஒரு கோடு இந்தப் பக்கம், ஒரு கோடு அந்தப் பக்கம். சில ஃபைலில் முழுக்க அவளே இருந்தாள், அதை மொத்தமாகத் தள்ளிவிட்டேன். நடுவில் கம்ப்யூட்டரில் ஏதோ கட்டம் வந்து வழியை மறித்தது. அப்பாவைக் கூப்பிட்டேன், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "இடம் பத்தலையாம், வேண்டாத ஃபைலை அழிக்கச் சொல்லுது" என்று படித்தார். அழியுங்கள் என்றேன். "எது வேண்டாதது" என்று கேட்டார். எனக்குத் தெரியும், நகருங்கள் என்று மவுஸை வாங்கி, நான் தள்ளிவைத்ததை எல்லாம் அழித்தேன். உண்மையா என்று அது மறுபடி கேட்டது போலிருக்கிறது, அதற்கும் ஒரு தட்டு. கேமராவின் கார்டையோ, விழாவை எடுக்க வேண்டும் என்று அப்பா ஏற்கெனவே காலி செய்துவிட்டார். மாடிப் பெண் விழா அன்று காலையில், வேலைக்குப் போகிற அவசரத்தில், எல்லாவற்றையும் கோத்து ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். யாரும் ஒருமுறை போட்டுப் பார்க்கவில்லை.

விழா நன்றாகத்தான் நடந்தது. அப்பாவுக்குச் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், இனிமேல் நேரம் பார்க்க வேண்டாம் என்று அனுப்புகிறவர்கள் எதற்குக் கடிகாரம் கொடுக்கிறார்களோ. வீட்டுக்கு ஸ்டேஷன் ஆட்கள், சித்தப்பா, சித்தி, அவள் பையன்கள், தெருக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். நாற்காலி போதாமல் பாதிப் பேர் தரையில். சித்தி காலையிலிருந்தே நம் வீட்டில்தான் நின்றாள், டீ போட்டவளும் அவள், டம்ளர் கழுவினவளும் அவள். படம் ஆரம்பித்ததும் முன்னால் வந்து உட்கார்ந்தாள். படத்தில் நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் இருக்கிறேன். டிவிக்குள்ளிருந்து சத்தமாக ஒரு குரல், "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, முகத்துல வெளிச்சம் விழட்டும். அவன் அங்க போய்ப் போட்டுப் பார்க்கறப்ப அம்மா மூஞ்சி தெரிய வேண்டாமா."

அவள் குரல். ஊமைப் படம் என்று நான் நினைத்திருந்தது பேசுகிறது. அடுத்த காட்சியில், "டேய் தடியா நகரு, உன்னை யாரு எடுக்கறா, உங்கம்மாவை எடுக்கறேன்" என்று உன்னை விரட்டுகிறாள். அதற்கடுத்து நான் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன், குரல் மெதுவாக, "அக்கா எப்பவும் கடைசியிலதான் சாப்பிடறாங்க, இதை யாரும் பார்க்கறதில்ல, எடுத்து வைக்கிறேன்" என்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தபோது கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றவள் அவள்தான். நீயோ மருமகளோ கேமராவைப் பிடுங்கி எடுத்தபோது மட்டும் அவள் படத்தில் வந்திருக்கிறாள், அதைத்தான் நான் வெட்டியிருக்கிறேன். பட்டன் இல்லாத ஸ்வெட்டர் எனக்கு ஞாபகம் இருக்கிறது, நீ இருந்த நாள் முழுக்க என் எதிரிலேயே கேமராவோடு நின்றவள் ஞாபகத்தில் இல்லை. அவளை நான் பார்த்திருந்தால்தானே.

பம்ப் ஆபரேட்டர் ஒருவர், அப்பாவின் கூட்டாளி, "என்னண்ணே இது பேய்ப் படமா, குரல் வருது, ஆளக் காணோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், சித்தியும் சிரித்தாள். "நான்தானே கேமரா பிடிச்சேன், பின்ன எப்படித் தெரிவேன்" என்று அவளே எனக்காகச் சமாளித்தாள். ஆனால் நான் வெட்டின லட்சணம், குழந்தைக்கு ஊட்டுகிற இடத்தில் வாட்ச் கட்டின கை மட்டும் ஸ்பூனோடு உள்ளே வந்தது, குழந்தை வாயைத் திறந்தது, டக்கென்று வேறு இடம். இன்னொரு முறையும் அதே கை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய சின்னவன், "அம்மா, அது உன் வாட்ச் தானே" என்று கேட்டான். "கையாவது வந்துச்சே, பேசாம பாருடா" என்றாள். பெரியவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனான். நிறுத்திவிடலாம் என்று ரிமோட்டைத் தேடினேன், அது யார் அடியில் இருந்ததோ.

கடைசிக் காட்சி நீங்கள் காரில் ஏறுவது. அதை நான் ரொம்ப ஆசையாக வைத்திருந்தேன், ஏனென்றால் அதில் நான் மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், பெற்றவள் நான் என்று அன்று ரயில்வே ஸ்டேஷனில் யாருக்கும் தெரியாமல் போனது இதில் தெரியட்டும் என்று. நீ, "கேமராவ என்கிட்ட குடு சித்தி, நீயும் வந்து நில்லு" என்கிறாய். அவள், "வேண்டாம்டா, என் கையிலயே இருக்கட்டும். கையில ஏதாவது இருந்தா அழமாட்டேன். அன்னிக்கு ஸ்டேஷன்ல நான் அழுது தொலைச்சு அக்கா முகமே சுருங்கிப்போச்சு. அவங்க அழ வேண்டிய இடத்துல நான் அழுதுட்டேன்டா" என்கிறாள். கார் போகிறது, என் முகம் மட்டும் பெரிதாக வருகிறது, பிறகு படம் கொஞ்சம் ஆடுகிறது, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது, முடிந்துவிட்டது. நீ பக்கத்தில் நின்று இதைக் கேட்டிருக்கிறாய், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நடிப்பு என்றுதான் சொல்லியிருப்பேன், அதனால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

எல்லாரும் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தி எழுந்து அந்த டம்ளர்களை எல்லாம் பொறுக்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, செருப்பை மாட்டும்போது, "படம் நல்லா இருந்துச்சுக்கா, உங்க முகம் நல்லா விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அப்பா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே, "படம் முழுக்க அவ எடுத்ததுதான், தெரியுமில்ல" என்று மட்டும் கேட்டார். பிறகு குழாயை மூடப் போய்விட்டார். அதற்குப் பிறகு சித்தி நம் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த தெருதான், சத்தம் போட்டுக் கூப்பிட்டாலே கேட்கும். என்னால் தெருவில் தலை நிமிர முடியவில்லை, கடைக்குக் கூட அப்பாவைத்தான் அனுப்புகிறேன்.

மாடிப் பெண்ணிடம் போய் அழித்ததைத் திருப்ப முடியுமா என்று கேட்டேன். எதற்கு அழித்தேன் என்று அவள் கேட்கவில்லை, அதுவே எனக்கு அவமானமாக இருந்தது. தேடிப் பார்த்துவிட்டு, பெரிய ஃபைல்கள் போனது போனதுதான், அந்தச் சின்னக் காப்பிகள் மட்டும் வேறு ஃபோல்டரில் தப்பித்திருக்கின்றன என்றாள். போட்டுக் காட்டினாள். சித்தி குழந்தையைக் கொஞ்சுகிறாள், வாய் அசைகிறது, சத்தம் இல்லை, முகமும் ஈரக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல மங்கல். நல்ல படத்தில் அவள் குரல் இருக்கிறது, ஆள் இல்லை. இதில் ஆள் இருக்கிறாள், குரல் இல்லை. இதுதான் நான் செய்து வைத்திருக்கிற வேலை. நான் உன்னிடம் கேட்கிற காரியம் இதுதான். ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் நீ உன் லேப்டாப்பைக் கேமராவோடு ஒயர் போட்டு இணைத்து வைத்திருந்தாய், மருமகள் அதன் மேல் துவைத்த துணியைப் போட்டதற்கு ஒரு சத்தம் போட்டாய், எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று நீ அந்தப் படங்களை எடுத்து வைத்திருந்தால் எதையும் தொடாமல் அப்படியே அனுப்பு. இல்லை என்றால் இல்லை என்று சொல், அந்த மங்கல் காப்பியையே சேர்த்து எல்லாரையும் கூப்பிட்டு மறுபடி காட்டுவேன்.

நேற்று சித்தி வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது, உனக்கே தெரியும். கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாடிப் பெண் சொல்லிக்கொடுத்தபடி பட்டனை அமுக்கினேன், சிவப்புப் புள்ளி எரிந்தது, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு, முகத்தில் வெளிச்சம் விழட்டும் என்றேன். அவள் திரும்பவில்லை. "எதுக்குக்கா, மறுபடி வெட்டறதுக்கா" என்று கேட்டாள். திரும்பிப் போகவும் முடியவில்லை, கேமராவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவள் ஒரு துணி, இன்னொரு துணி என்று மடித்துக்கொண்டே இருந்தாள், தலையணை உறையைக் கூட மூலைக்கு மூலை சேர்த்து மடித்தாள். துணியெல்லாம் தீர்ந்த பிறகு, முதுகைக் காட்டிக்கொண்டே, "பேட்டரி தீர்ந்துடும், வைங்கக்கா. டீ போடறேன்" என்றாள். டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அவள் அடுப்பில் குக்கர் இருந்தது, அதன் மேல் என் வெயிட். அந்த ஒன்றில் நான் சொன்னதுதான் சரி, ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஃபைலை மாடிப் பெண் உனக்கு அனுப்புவாள். அதில் சித்தியின் முதுகும் ஜன்னலும்தான் இருக்கும், ஓரத்தில் குக்கரும் விழுந்திருக்கும். நான் இருக்க மாட்டேன், என் குரல் மட்டும் ஓரிடத்தில் வரும். நான் ஒன்றும் வெட்டவில்லை, நீயும் வெட்டாதே. சித்திக்குப் போன் செய்து சமாதானம் சொல்லி வைக்காதே, அது என் வேலை, நாளைக்கும் போவேன், டீ கொடுக்காவிட்டாலும் போவேன்.

குழந்தையைக் குளிரில் வெளியே தூக்கிப் போகாதீர்கள். மருமகளைச் சரியான நேரத்துக்குச் சாப்பிடச் சொல், எல்லாருக்கும் கடைசியில் உட்கார வேண்டாம். மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள், என் ஆயுசையும் சேர்த்து இருங்கள். லேப்டாப்பில் தேட மறக்காதே. நான் அனுப்புகிற ஃபைல் உன் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை என்றால் கன்வெர்ட் செய்துகொள், ஆனால் சத்தம் இருக்கிறதா என்று பார்த்துச் செய். சித்தி கேட்ட கேள்வி அதில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா